ஏசி போட்டவுடன் வாடை, பாட்டுக்குள் விசில்: கேஸ் ஏற்றினால் சரியாகுமா?

மூன்றாம்கியர் எழுதியது:

வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன ஹேட்ச்பேக் வாங்கியிருக்கிறேன். எஞ்சின், கியர், டயர் எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லையெல்லாம் டேஷ்போர்டோடுதான்.

ஏசி போட்டதும் முதல் ஓரிரு நிமிடம் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்தது போல ஒரு வாடை வருகிறது. பிறகு தானாகப் போய்விடுகிறது. குளிர்ச்சி நன்றாகவே இருக்கிறது. சர்வீஸுக்குக் கொண்டுபோனால், "கேஸ் குறைந்திருக்கும், ஏற்றிவிடலாம்" என்கிறார்கள். நன்றாகக் குளிரும் ஏசியில் கேஸ் எப்படிக் குறைவாக இருக்கும் என்று கேட்டேன், ஒழுங்கான பதில் வரவில்லை.

மழை பெய்தால் முன் கண்ணாடி மங்கிவிடுகிறது. ஏசி போட்டால் சில சமயம் தெளிகிறது, சில சமயம் இன்னும் மோசமாகிறது. இது எனக்குப் புரியவே இல்லை.

அப்புறம் பாட்டு. போனை ஆக்ஸ் ஒயரில் மாட்டிக் கேட்பேன். கூடவே சார்ஜும் போட்டால் பாட்டுக்குப் பின்னால் மெல்லிய விசில் கேட்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் விசிலும் ஏறுகிறது. வால்யூம் திருகியோ ஏற்றினால் இறங்குகிறது, இறக்கினால் ஏறுகிறது.

இதற்கு நடுவில் பின்சீட்டில் அப்பா "குளிர் இங்கே வரவே இல்லை, பாட்டும் கேட்கவில்லை" என்கிறார். முன்சீட்டில் அம்மா "கை விறைக்கிறது, காது அடைக்கிறது" என்கிறார். இரண்டு பேரையும் ஒரே காரில் திருப்திப்படுத்த வழி இருந்தால் சொல்லுங்கள்.

கம்பிவேலை எழுதியது:

கேஸ் ஏற்றாதீர்கள். வாடைக்கும் கேஸுக்கும் சம்பந்தமே கிடையாது. கார் ஏசியும் கார் எலெக்ட்ரிக்கலும்தான் எனக்குப் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் கம்ப்ரசர், கண்டென்சர், கூலிங் காயில் என்று சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் மேலே மேலே ஏற்றுவது வெறும் வியாபாரம். எவ்வளவு கேஸ் பிடிக்கும் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் எழுதியிருப்பார்கள், சின்ன கார்களில் அரை கிலோவுக்கு முன்பின் இருக்கும். உள்ளே மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் அளவு பார்க்காமல் அடித்தால் கூடிப்போகும். கூடினாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசருக்கும் கேடு. சரியான முறை, இருப்பதை வெளியே எடுத்து, வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), எடை பார்த்து ஏற்றுவது. அதே ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் இருக்கும். ஆர்-134ஏ இருக்கிற வண்டியில் ஆர்-1234ஒய்எஃப் அடிக்கக் கூடாது, அதில் இதையும் அடிக்கக் கூடாது.

இப்போது வாடை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே குளிர்ந்து நிற்கும். காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் தண்ணீராகப் படிந்து ஒரு சின்னக் குழாய் வழியாகக் காருக்குக் கீழே சொட்டும். வண்டியை நிறுத்தி ஏசியையும் புளோயரையும் ஒன்றாக அணைத்துவிட்டு இறங்கினால் அந்த ஈரம் அப்படியே இருட்டில் கிடக்கும். தூசியோடு சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். அடுத்த முறை புளோயர் ஓடியதும் முதல் காற்று அதைத்தான் சுமந்து வருகிறது. காயில் மறுபடி நனைந்ததும் வாடை அடங்கிவிடுகிறது.

போய்ச் சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணையுங்கள். புளோயர் ஓடட்டும், வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வையுங்கள். காயில் உலர்ந்துவிடும். இது பழக்கமானால் வாடை மறுபடி பிடிக்காது. ஏற்கெனவே பிடித்திருப்பதற்குக் காயிலில் அடிக்கும் நுரை கிளீனர் வேண்டும். அதற்கு முன் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். நிறைய கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பெட்டியின் இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் முழுதாகக் கீழே இறங்கும். ஃபில்டரின் ஓரத்தில் காற்றுப் போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், கழற்றுவதற்கு முன்பே அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காகித ஃபில்டரைக் கழுவிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். வருடம் ஒருமுறை, அல்லது 15,000 கி.மீ. வாக்கில் புதிது போட்டால் போதும். தூசிப் பாதையில் ஓட்டினால் இன்னும் சீக்கிரம்.

வாடையை மறைக்க வென்டில் மாட்டும் வாசனை டப்பா ஏதாவது இருந்தால் கழற்றிவிடுங்கள். அந்த எண்ணெய் ஒழுகி வென்ட் இதழ்களின் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், பிறகு இதழ் திரும்பாது. வென்டைத் திருப்பப் போய் உடைத்துக்கொண்டு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த டப்பா இருந்த அடையாளம் தெரியும்.

மழையில் கண்ணாடி மங்குவது இரண்டு வகை. விரலால் தொட்டுப் பாருங்கள், ஆவி உள்ளே படிந்திருக்கிறதா வெளியேவா என்று தெரியும். உள்ளே என்றால் காருக்குள் ஈரம் அதிகம்: நனைந்த செருப்பு, குடை, நாலு பேர் மூச்சு. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று நிலையில், ஏசியைப் போட்டு, வெப்பநிலைத் திருகியைச் சூட்டுப் பக்கம் தள்ளுங்கள். ஏசியும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் எதற்கு என்று கேட்பார்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும், இரண்டும் வேண்டும். வெளியே படிந்திருந்தால் கதை நேர் எதிர். கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டது, வெளியில் இருக்கும் ஈரக் காற்று அதன்மேல் படிகிறது. அப்போது வைப்பரை ஒரு தரம் போட்டு, குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து முகப்பக்கம் திருப்பிவிடுங்கள். "ஏசி போட்டால் இன்னும் மோசமாகிறது" என்றீர்களே, அது இதுதான்.

விசிலைப் பற்றி ஒரு வரி: சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், நின்றால் அது எர்த் பிரச்சினை. மிச்சத்தை மெல்லிசை வந்து சொல்வார், அவருக்குத்தான் அதில் காது.

மெல்லிசை எழுதியது:

அழைத்ததால் வந்தேன்.

ஆக்ஸ் ஒயர் வழியாக போனுக்கு ஒரு எர்த், சார்ஜர் வழியாக இன்னொரு எர்த். இரண்டும் காரின் பாடியில் வெவ்வேறு இடத்தில் போய்ச் சேர்கின்றன. ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் இருக்கும் சின்ன அலைச்சல் இந்த வட்டத்துக்குள் புகுந்து ஸ்பீக்கரில் விசிலாகக் கேட்கிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் ஆல்டர்னேட்டரும் வேகமாகச் சுற்றும், விசிலின் சுருதியும் ஏறும். சுலப வழி, ப்ளூடூத் இருந்தால் அதில் கேட்பது. இல்லையென்றால் ஸ்டீரியோவின் சொந்த யூஎஸ்பியில் மாட்டினால் ஒரே ஒயரில் சார்ஜும் பாட்டும் போய்விடும். ஆக்ஸ்தான் கதி என்றால், கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு குட்டி டப்பா கிடைக்கும், ஆக்ஸ் ஒயரின் நடுவில் சொருக வேண்டும். உள்ளே சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் மட்டும்தான். இசை தாண்டும், எர்த் இணைப்பு தாண்டாது.

எஃப்எம்மில் மட்டும் கரகரப்பு என்றால் அது வேறு சங்கதி. மட்டமான சார்ஜரும் டேஷ்கேமும் எஃப்எம் அலைவரிசையிலேயே இரைச்சலைக் கொட்டும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவார்.

வால்யூம் திருகி ஏறுக்குமாறாக ஓடுவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் தொடுபுள்ளிகளில் அழுக்கு. ஸ்டீரியோவை அணைத்து, திருகியின் மூடியை நேராக இழுத்துக் கழற்றி, கான்டாக்ட் கிளீனரைத் துளியளவு விட்டு, இரண்டு பக்கமும் நன்றாகச் சுற்றுங்கள். உலர்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அதில் அடிக்காதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கும் சரியாகாவிட்டால் உள்ளே இருக்கும் சின்னப் பாகத்தை மாற்றச் சாலிடர் வேலை தெரிந்தவர் வேண்டும்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்: ஆடியோ மெனுவில் ஃபேடர் என்று இருக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் சத்தத்தைப் பங்கு போடுவது. அதைப் பின்னால் கொஞ்சம் தள்ளுங்கள். இதற்கு வால்யூமை ஏற்றுவது தப்பான மருந்து, அம்மாவின் காது அடைப்பதுதான் மிச்சம். பின்னால் ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபேடரை முழுதாகப் பின்னால் தள்ளினால் மௌனம் என்றால் ஒயர் கழன்றிருக்கலாம்.

போனின் வால்யூமை முக்கால்வாசிக்கு மேலே வைத்துவிட்டு ஸ்டீரியோவில் ஏற்றி இறக்குங்கள். போனில் குறைவாக வைத்து ஸ்டீரியோவை முறுக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். பேஸும் ட்ரெபிளும் நடுவில் இருக்கட்டும். லவுட்னெஸ் என்ற பட்டன் சின்னச் சத்தத்தில் கேட்பதற்கு, தாழ்ந்த சுரங்களைத் தூக்கிக் கொடுக்கும். சத்தம் குறையும்போது நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள்தான் முதலில் மறையும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். வால்யூம் ஏற்றிக் கேட்கும்போது அந்தப் பட்டனை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கதவே அதிரும்.

ஒலி கரகரவென்று உடைய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையைத் தாண்டி அலையின் தலையை வெட்டுகிறது என்று அர்த்தம். வெட்டிய அலையில் உச்சசுரங்கள் கூடும், அது உச்சசுரங்களுக்கென்று இருக்கும் குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டரைச் சூடாக்கிக் கருக்கிவிடும். சரி, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பவும் வேண்டாம். கதவுப் பையில் கிடக்கும் பாட்டிலும் சில்லறையும் பேஸுக்கு ஆடும் சத்தம் கிழிந்த ஸ்பீக்கர் போலவே இருக்கும்.

மூன்றாம்கியர் எழுதியது:

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. க்ளவ் பாக்ஸை இறக்கினேன். ஃபில்டர் இருந்த இடத்தில் காய்ந்த இலை, ஒரு சீட்டு, பஞ்சு மாதிரி கறுப்பு அழுக்கு. புதிது போட்டதும் காற்றின் வேகமே மாறிவிட்டது, பின்சீட்டு வரைக்கும் கொஞ்சம் போகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் விசில் நின்றது. வால்யூம் திருகிக்கு கிளீனர் இன்னும் வாங்கவில்லை.

கம்பிவேலை அண்ணா, இன்னும் மூன்று சந்தேகம். அம்மாவின் கை விறைக்காமல் அப்பாவுக்குக் குளிர் போக வென்டை எப்படி வைப்பது? வெளிக்காற்றை நிறுத்தி உள்காற்றையே சுற்ற விடும் சுற்றுக்காற்று பட்டனை எப்போது போட வேண்டும்? புளோயர் நாலாவது வேகத்தில் மட்டும் ஓடுகிறது, ஒன்று, இரண்டு, மூன்றில் சத்தமே இல்லை. மோட்டார் போய்விட்டதா?

கம்பிவேலை எழுதியது:

மோட்டார் போகவில்லை. போயிருந்தால் நாலிலும் ஓடாது. புளோயர் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. ஒன்று முதல் மூன்று வரை மின்சாரம் அதன் வழியாகக் குறைந்து போகும், நாலில் நேராகப் போகும். அதனால்தான் கடைசி வேகம் மட்டும் உயிரோடு இருக்கிறது. பாகம் சின்னது, பல கார்களில் ஃபில்டர் பக்கத்திலேயே இரண்டு ஸ்க்ரூவில் இருக்கும். ஆனால் ஏன் எரிந்தது என்று பாருங்கள். அது புளோயர் காற்றில்தான் ஆறுகிறது. அடைத்துக்கிடந்த ஃபில்டர் காற்றைக் குறைத்திருக்கும், அல்லது மோட்டார் இறுகிக் கூடுதல் மின்சாரம் இழுக்கும். சொருகும் கனெக்டர் உருகிக் கறுத்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

வென்ட்: குளிர்காற்று கனம், தானாகக் கீழே இறங்கும். நடு வென்ட் இரண்டையும் கூரைப் பக்கம் நிமிர்த்தி, முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் போகிற மாதிரி வையுங்கள். கூரையை ஒட்டிப் போய்ப் பின்சீட்டில் இறங்கும். அம்மா பக்கத்து ஓர வென்டைக் கதவுக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். முழுதாக மூட வேண்டாம்.

வெயிலில் நின்ற காரில் ஏறினதும் கண்ணாடிகளை இறக்கி, புளோயரை முழு வேகத்தில், வெளிக்காற்றில் வைத்து அரை நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே அடைந்திருப்பது வெளியைவிடச் சூடான காற்று, அதைக் குளிர வைப்பதைவிடத் துரத்திவிடுவது சுலபம். பிறகு கண்ணாடியை ஏற்றிச் சுற்றுக்காற்றைப் போடுங்கள். குளிர்ந்த காற்றையே மறுபடி குளிர வைப்பதால் வேகமாக இறங்கும். குளிர்ந்த பின் வெளிக்காற்றுக்கு மாறிவிடுங்கள். நீண்ட பயணத்தில் எல்லாரும் மூடிய காருக்குள் விட்ட மூச்சையே சுற்றிச் சுற்றி இழுத்தால் கரியமில வாயு கூடி ஓட்டுபவருக்குத் தூக்கம் சொக்கும். தூசியோ புகையோ வந்தால் அந்த நேரம் மட்டும் சுற்றுக்காற்று. மழையில் கூடாது, கண்ணாடி மங்கும்.

காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்படாதீர்கள். சொட்டாவிட்டால்தான் பார்க்க வேண்டும். ஈரக் காற்றில் நீண்ட நேரம் ஏசி ஓடியும் கீழே ஒரு சொட்டும் இல்லை, முன்சீட்டுப் பயணியின் காலடிக் கார்பெட் மட்டும் நனைகிறது என்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அந்த ஈரத்துக்கு வாடை இல்லாமல் இருந்தால் அதுதான். இனிப்பு வாடையும் பிசுபிசுப்பும் இருந்து, கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலமும் படிந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம். வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் காட்டுங்கள், எஞ்சின் சூடாகும் அபாயம் உண்டு.

புதுவண்டி எழுதியது:

இவ்வளவு திருகிகள் இருக்கிற உங்கள் மேல் எனக்குப் பொறாமை. எங்கள் வண்டியில் ஏசியும் பாட்டும் எல்லாம் ஒரே திரைக்குள். வெப்பநிலையை ஒரு டிகிரி மாற்ற இரண்டு மெனு உள்ளே போக வேண்டும்.

2022-ல் ஸ்வீடனின் வி பிலேகாரே என்ற கார் இதழ் இதை அளந்தது. 110 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே வெப்பநிலையை மாற்றுவது, ரேடியோ நிலையம் பிடிப்பது போன்ற நாலு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பட்டன் நிறைந்த 2005-ஆம் ஆண்டு வோல்வோ வி70 காரில் 10 விநாடியில் முடிந்தது. மிக மெதுவான திரைக் காரில் 44.6 விநாடி. அதற்குள் வண்டி 1.3 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் திசை விளக்கு, அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பட்டன் இருந்தால் மதிப்பெண் தருகிறது. ஏசியும் வால்யூமும் அந்தப் பட்டியலில் இல்லை.

நான் செய்வது இவ்வளவுதான். கிளம்புமுன் ஆட்டோ பட்டனைப் போட்டு 23-ல் விட்டுவிடுவேன். பாட்டுக்கு ஸ்டீயரிங் பட்டன், வேறு எதையும் வண்டி நின்ற பிறகு. ஆட்டோவில் 16-க்கு இறக்கினால் சீக்கிரம் குளிரும் என்று வீட்டில் வாதம் நடக்கிறது. உண்மையா? திரையை எதனால் துடைப்பது?

கம்பிவேலை எழுதியது:

உண்மையில்லை. சூடான காரில் 23 வைத்தாலும் 16 வைத்தாலும் முதல் சில நிமிடம் ஏசி முழு பலத்தில்தான் ஓடும். 23 வைத்தால் அங்கே போய்ப் புளோயர் அடங்கும், 16 வைத்தால் அடங்காமல் எல்லாரையும் நடுங்க வைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். டேஷ்போர்டின் மேலே கண்ணாடி ஓரத்தில் குட்டிக் கறுப்புக் குமிழ் ஒன்று இருக்கும், வெயிலை அளக்கும் சென்சார். அதன்மேல் துணி, பொம்மை எதையும் வைக்காதீர்கள், வெயிலே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் சின்னத் துளைகள் உள்ள ஒரு மூடி இருந்தால் அது உள்வெப்பத்தை அளப்பது. அங்கே தூசி அடைந்தால் ஆட்டோ தப்புத் தப்பாக முடிவெடுக்கும்.

திரைக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. கறை போகாவிட்டால் துணியை லேசாக நனையுங்கள், திரையின்மேல் நேரடியாக எதையும் தெளிக்காதீர்கள், ஓரத்தில் இறங்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் மேற்பூச்சைத் தின்னும். டேஷ்போர்டு பாலிஷும் வேண்டாம்.

மூன்றாம்கியர் எழுதியது:

ரெசிஸ்டர் மாற்றிவிட்டேன், ஒன்றிலிருந்து நாலு வரை ஓடுகிறது. கனெக்டரில் ஒரு பின் கறுத்திருந்தது, அதையும் மாற்றினேன். ஃபேடர் பின்னால் தள்ளியதில் அப்பா இப்போது "கொஞ்சம் குறை" என்கிறார்.

கடைசியாக ஒன்று. குளிர் மாதங்களில் ஏசியே தேவைப்படாது. அப்போது மொத்தமாக அணைத்து வைத்தால் கம்ப்ரசருக்கு ஓய்வுதானே?

கம்பிவேலை எழுதியது:

ஓய்வு இல்லை. கம்ப்ரசரின் ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. மாதக்கணக்கில் ஓடாவிட்டால் ரப்பர் சீல்கள் உலர்ந்து அங்கேதான் முதல் கசிவு வரும். குளிர் மாதங்களிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுங்கள். குளிர்ந்தால் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். பல கார்களில் முன் கண்ணாடியின் ஆவியை நீக்கும் பட்டனை அழுத்தினாலே கம்ப்ரசர் தானாக ஓடும், உங்கள் காரில் எப்படி என்று கையேட்டில் பாருங்கள்.